கட்டபொம்மன் படத்தை வகுப்பில் போட்டபோது

பத்தாம் வகுப்பில் பாளையக்காரர் பாடம் வரும் வாரம் எனக்குப் பிடித்த வாரம். அதுவரை உலகப் போர்களையும் உடன்படிக்கைகளையும் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். காரணம் நானில்லை, சிவாஜி. கரும்பலகையில் 'ஜாக்சன்' என்று எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருத்தன் குரலைத் தாழ்த்தி அந்த வசனத்தை ஆரம்பித்துவிடுவான். அவனுடைய தாத்தாவே சின்னப் பையனாக இருந்தபோது, 1959-ல் வந்த படம் அது. முழுப் படத்தையும் அவன் பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் அந்த ஒரு காட்சி அவனுக்கு மனப்பாடம். பள்ளி ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி, இப்போது செல்போன் என்று எப்படியோ அது அவனிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

சினிமாவைக் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. அதில் நான் செய்த தப்பு, அதிலிருந்து கற்றுக்கொண்டது, அந்தக் காட்சியைப் பற்றி இப்போது நான் என்ன நினைக்கிறேன் என்பதையெல்லாம் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் செய்த தப்பு

முதல் வருஷம் நான் கொடுத்த பயிற்சி ரொம்ப எளிமையானது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் சந்திப்புக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். பாடப்புத்தகத்தையும் கையில் கொடுத்து, "எத்தனை பிழை இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வருமே ஆறு வித்தியாசம், கிட்டத்தட்ட அதுபோல.

பிள்ளைகள் பிழைகளை அள்ளிக் கொண்டுவந்தார்கள். ஜாக்சனுக்கு இவ்வளவு தமிழ் எப்படித் தெரியும்? வீட்டில் தெலுங்கு பேசியிருக்கக்கூடிய ஒரு நாயக்கர் பாளையக்காரர் இப்படி 1950-களின் மேடைத் தமிழ் பேசியிருப்பாரா? கையெழுத்து, உடை, நகை, மீசை எதையும் விடவில்லை. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். விமர்சனப் பார்வை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடிக்கும் நேரத்தில் ஒருத்தன் சொன்னான்: "அப்ப எல்லாமே ரீல்தான் சார்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் வேலூர்ப் புரட்சி நடத்தும்போது அதே பையன் அதே தொனியில், "இதுவும் ரீலா சார்?" என்றான். அப்போதுதான் உறைத்தது. நான் அவனுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித் தரவில்லை. ஒன்றையும் நம்பாமல் இருக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரெண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் நேர் எதிரானவை. கேள்வி கேட்கிறவன் பதிலைத் தேடிக் கிளம்புவான். எல்லாம் ரீல் என்று முடிவுகட்டியவன் அதே இடத்தில் உட்கார்ந்துவிடுவான். பிறகு எவனாவது அழுத்தமான குரலில் வேறு ஒரு ரீலைச் சொன்னால், அதை முதலில் நம்புகிறவனும் அவனாகத்தான் இருப்பான். வாட்ஸ்அப்பில் வரும் 'மறைக்கப்பட்ட வரலாறு' செய்திகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பிழை கண்டுபிடிப்பது ஆரம்பமாக இருக்கலாம். முடிவாக இருக்கக் கூடாது. 'இது தப்பு' என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி வர வேண்டும்: தப்பு என்று உனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காட்சியும் அந்த நாளும்

காட்சியில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரக் கலெக்டர் வரி கேட்கிறார். கட்டபொம்மன் எழுந்து, வயல் வேலையைச் சொல்லி, வீட்டு வேலையைச் சொல்லி, கேள்வி மேல் கேள்வி கேட்டு, கலெக்டரை வாயடைக்க வைக்கிறார். கட்டபொம்மன் வரி கொடுக்க மறுத்தவர் என்று நாம் மனதில் வைத்திருப்பது இந்தக் காட்சியிலிருந்து வந்ததுதான்.

ஆவணங்களை வைத்து வரலாற்று ஆசிரியர்கள் தருகிற கதை வேறு மாதிரி இருக்கிறது. 1792-ல் ஆற்காட்டு நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனியின் கைக்குப் போனது. நவாபு கம்பெனிக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனுக்கு ஈடாகத்தான் இந்த உரிமை கைமாறியது. 1798-ல் பாஞ்சாலங்குறிச்சி வைத்திருந்த பாக்கி 3,310 பகோடா. ஆகஸ்டில் கலெக்டர் ஜாக்சன், இராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி உத்தரவு போடுகிறார். ஆனால் அவர் அப்போது இராமநாதபுரத்தில் இல்லை, சுற்றுப்பயணத்தில் இருக்கிறார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனார், பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. மூன்று வாரத்துக்கும் மேலாக ஒரு பாளையக்காரர் தன் ஆட்களோடு கலெக்டரின் முகாம் போகிற வழியெல்லாம் பின்னாலேயே போகிறார்.

செப்டம்பரில் கடைசியாக இராமநாதபுரத்தில் சந்திப்பு நடக்கிறது. கணக்கைப் பார்த்தால் பாக்கியில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. மீதி 1,080 பகோடாதான். அப்படியிருந்தும் கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. கோட்டையை விட்டுப் போகக்கூடாது என்று நெருக்கடி வந்தபோது அவர்கள் தப்பிக்க முயல, வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் வெளியேறிவிட்டார், பிள்ளை பிடிபட்டார்.

இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்து முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: "சார், அப்ப அவரு வரி கட்டிட்டாரா?"

"முக்கால்வாசி கட்டிட்டாரும்மா."

வகுப்பு அமைதியாகிவிட்டது. கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் குழப்பம். நம்ம ஆளு கட்டியிருக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அந்த ஏமாற்றத்தை அவசரப்பட்டு மூடிவிடக் கூடாது என்பது நான் கற்றுக்கொண்ட பாடம். அதில் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும்.

ஏனென்றால் அதற்கப்புறம்தான் நல்ல கேள்விகள் வரும். "முக்கால்வாசி கட்டின ஆளை ஏன் மூணு மணி நேரம் நிக்க வைக்கணும்?" என்று ஒருத்தன் கேட்டான். அதுதான் கேள்வி. பணத்துக்காக மட்டும் நடந்த விவகாரமாக இருந்தால் 1,080 பகோடாவோடு முடிந்திருக்கும். யார் யாரைக் காத்திருக்க வைக்கலாம், யார் முன்னால் யார் நிற்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஆபீஸ் வாசலில் கையில் மனுவோடு காலையிலிருந்து நின்ற அனுபவம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் நிறைய உண்டு. அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

படத்தின் மேல் எனக்கு இருக்கிற முதல் குறை இதுதான். வசனத்தைக் கற்பனையாக எழுதினார்கள் என்பதல்ல குறை. உண்மையில் நடந்த அவமானம், எழுதப்பட்ட வசனத்தைவிட நாடகத்தன்மை உள்ளது. இருபது நாளுக்கு மேல் அலைந்து, கணக்கைச் சரியாகக் காட்டி, அப்புறமும் நின்றுகொண்டே இருக்கிற ஒருவர். படம் அந்த மௌனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெற்றிப் பேச்சை வைத்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சென்னை அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் ஆகிய மூன்று பேர். 1798 டிசம்பரில் கட்டபொம்மன் அந்தக் குழுவின் முன்னால் வந்தார். குழு அவர்மேல் குற்றம் இல்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தார், லூஷிங்டன் கலெக்டராக வந்தார். ஜாக்சன் என்ற பெயரைத் தெரிந்த நூறு பேரைக் கேளுங்கள். அவருடைய வேலை போனது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம். தன் அதிகாரியையே தப்பு என்று சொன்ன அதே கம்பெனி, அடுத்த வருஷமே படையெடுத்து வந்து அதே ஆளைத் தூக்கில் போட்டது. இந்த முரண்பாட்டைப் புரியவைக்க எனக்கு ரெண்டு பீரியட் ஆகும். இதை ஒரு படம் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எழுதி வைத்தது யார்?

இங்கே வாத்தியார்கள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. நானும் விழுந்திருக்கிறேன். படம் பொய், ஆவணம் உண்மை என்று கோடு போட்டுப் பிரித்துவிடுவது.

ஆவணத்தை எழுதியவர்கள் யார்? கட்டபொம்மனிடம் வசூல் பண்ண வந்தவர்கள், அவருடைய கோட்டையை உடைத்தவர்கள், அவரைத் தூக்கில் போட்டவர்கள். அவர்களுடைய கடிதங்களில் அவர் கலகக்காரர், பக்கத்துப் பாளையங்களில் புகுந்து கொள்ளையடித்தவர். தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று தலைப்பே வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு நேர் எதிரில் ம.பொ.சி. இருந்தார். கட்டபொம்மனை விடுதலை வீரராக நிறுவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அவருடைய ஆராய்ச்சி இந்தப் படத்துக்கும் துணை நின்றது. ஒரே மனிதரைப் பற்றி ரெண்டு பக்கமும் இப்படி அடித்துச் சொல்ல முடிகிறது என்றால், எந்தக் கடிதத்தை எடுக்கிறோம், அதை எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்றாவதாக ஊர்க்காரர்களின் சாட்சியமும் உண்டு. கட்டபொம்மனைப் பற்றிய கதைப்பாடல்கள் தெற்குச் சீமையில் வாய்வழியாகப் பாடப்பட்டவை. நா. வானமாமலை அவற்றைப் பதிப்பித்தார். அவற்றிலும் சாய்வு இருக்கிறது, ஆனால் வேறு பக்கத்துச் சாய்வு. தேதி தப்பாக இருக்கலாம், எண்ணிக்கை பெருகியிருக்கலாம். யாருக்கு யார்மேல் அன்பு, யார்மேல் பயம் என்பதைத் தெரிந்துகொள்ளக் கம்பெனிக் கடிதத்தைவிடப் பாட்டுத்தான் உதவும்.

எதிரி எழுதியது என்பதற்காகத் தூக்கிப் போடவும் முடியாது. சில நேரம் எதிரியின் சாட்சியம்தான் பலமான சாட்சியம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அடுத்த நாள் மேஜர் பானர்மன் எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்று நூலில் சேர்த்திருக்கிறார். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமலும் அலட்சியமாகவும் நின்றார், கூடியிருந்த பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்தார், தூக்குமரத்துக்கு உறுதியான நடையோடு போனார் என்று அதில் இருக்கிறது. வாய் பேச முடியாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்தபோது, கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று சொன்னதாகத் தனக்குத் தகவல் வந்தது என்றும் எழுதியிருக்கிறார் பானர்மன்.

தூக்கில் போட்டவனே எழுதியது இது. புகழ வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. அதனால்தான் இதற்கு மதிப்பு. சிவாஜி அந்தக் கடைசிக் காட்சியில் நிமிர்ந்து நடப்பதற்கு ஆவணத்தில் ஆதாரம் இருக்கிறது. முதல் வருஷம் படத்தில் பிழைகளை மட்டும் தேடச் சொன்னபோது, படம் சரியாகப் பிடித்த இதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

வயலில் இறங்கியது யார்?

அந்த வசனத்தின் மையமான வாதம் உழைப்பு. எங்கள் நிலத்தில் வேலை செய்யாத உனக்கு எதற்கு வரி என்பதுதான் சாரம். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன், களைக்கொட்டு எடுத்து வளர்ந்த வீட்டுப் பையன், கை தூக்கினான். "சார், கட்டபொம்மன் வயல்ல இறங்கினாரா?"

எனக்குப் பதில் வர கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை வருஷம் அந்த வசனத்தைக் கேட்டும் எனக்குத் தோன்றாத கேள்வி.

இறங்கியிருக்க மாட்டார். பாளையக்காரரும் வரி வாங்கியவர்தான். குடியானவன் பாளையக்காரருக்குக் கொடுத்தான், பாளையக்காரர் நவாபுக்குக் கொடுத்தார், பிறகு அது கம்பெனிக்குப் போனது. அந்த வசனத்தைக் கட்டபொம்மனைப் பார்த்து ஒரு குடியானவனும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது இன்னும் பொருத்தமாகக்கூட இருக்கும்.

இதனால் வசனம் பொய்யாகிவிடாது. அதன் கேள்வி நியாயமான கேள்வி. யாரோ ஒரு நவாபு பட்ட கடனுக்காக, கடல் கடந்து வந்த ஒரு வியாபாரக் கம்பெனி என்னிடம் எந்த உரிமையில் கேட்கிறது? 1798-ல் இந்தச் சொற்களில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். சொல் கற்பனை, கேள்வி உண்மை. படம் அந்தக் கேள்வியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது என்பதைத்தான் அந்தப் பையன் கண்டுபிடித்தான்.

எட்டயபுரத்துப் பையன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் குறிப்பே அர்த்தமில்லை.

முதல் வருஷம், அந்தப் படக்காட்சிக்கு முன்னால் ஒரு நாள். தேர்வில் காப்பி அடித்த ஒருத்தனை இன்னொருத்தன் என்னிடம் காட்டிக்கொடுத்தான். நான் விளையாட்டாக, "ஏன்டா, எட்டப்பன் வேலை பார்க்குற?" என்றேன். வகுப்பு சிரித்தது. எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே.

அந்த வருஷம் பாதியில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த ஒரு பையன் இருந்தான். சொந்த ஊர் எட்டயபுரம். அப்பாவுக்கு இந்தப் பக்கம் வேலை. நான் அந்த வார்த்தையைச் சொன்ன அன்றைக்கே அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. படம் போட்ட பிறகு அது இன்னும் மோசமானது. ரெண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"சார், எங்க ஊர்லதான் பாரதியார் பொறந்தாரு. அதை யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க."

அவ்வளவுதான் சொன்னான். என்மேல் புகார் எதுவும் சொல்லவில்லை. பட்டப்பெயருக்கு விதை போட்டது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்றைக்குத்தான் பானர்மன் கடிதத்தை முதல் முறையாக முழுசாக வகுப்பில் வாசித்தேன். எட்டயபுரம் பாளையக்காரர் கம்பெனிக்கு உதவினார் என்பது உண்மை. அதை மறைக்கவில்லை. கட்டபொம்மனைப் பிடிப்பதில் அவர் மும்முரமாக இருந்ததைக் கடிதமே சொல்கிறது. பாஞ்சாலங்குறிச்சி அழிந்த பிறகு அதன் ஊர்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் போனதும் உண்மை. ஆனால் அதே கடிதத்தில் சிவகிரிப் பாளையக்காரரும் அங்கே நிற்கிறார். கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்கம்பக்கத்துப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னால்தான் பானர்மன் தூக்கிலிட்டார். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நடுவே எல்லை ஊர்களைப் பற்றிய பழைய பகையும் இருந்தது. 'நாடு' என்று இன்று நாம் சொல்வது அன்று அவர்கள் யாருடைய மனதிலும் இருந்திருக்காது. அவரவர் பாளையம்தான் அவரவருக்கு நாடு.

அப்போது ஒரு பெண் கேட்டாள்: "அப்ப ஏன் சார் 'தொண்டைமான் வேலை'ன்னு யாரும் சொல்றதில்ல?"

இதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. என் ஊகத்தைச் சொன்னேன். கதைக்கு ஒரு வில்லன் போதும். நாலு பேர் இருந்தால் குழப்பம். எல்லையில் இருக்கிற பங்காளிச் சண்டைக்காரன் அந்த வேடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறான். சினிமாவும் மேடைப் பேச்சும் சேர்ந்து அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டன. ஒரு வம்சத்துப் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம், வசைச்சொல் ஆகிவிட்டது. படத்தில் வி.கே. ராமசாமி அந்த வேடத்தை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார். நல்ல நடிப்பும் ஒரு காரணம்.

பட்டப்பெயர் அன்றோடு நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் நிற்கவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். நான் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

சினிமாவில் வரலாற்றுப் பிழை என்றால் உடை தப்பு, தேதி தப்பு என்றுதான் பேசுகிறோம். மீசை தப்பாக இருந்தால் யாருக்கும் வலிக்காது. யாரை வில்லனாக நிறுத்துகிறோம் என்பதில் வரும் பிழை, அறுபது வருஷம் கழித்து ஒரு வகுப்பறையில் வந்து நிற்கிறது.

1959-க்கு இந்தப் படம்தான் ஆவணம்

இவ்வளவு சொன்னதால் எனக்குப் படம் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். பி.ஆர். பந்துலுவின் இந்தப் படத்தை எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் முதலில் சிவாஜியின் நாடக மேடைக்கு எழுதப்பட்டது. அந்த நீள மூச்சு, அடுக்கடுக்காக வரும் கேள்விகள், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய குரல், எல்லாம் மேடையிலிருந்து வந்தவை. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அன்றைக்கு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் அப்போதுதான் காலனி ஆட்சியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தன. வெள்ளைக்கார அதிகாரியை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கிற ஒருவரின் கோபம் அந்த அரங்கத்துக்குப் புரியாமல் இருந்திருக்காது.

சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம். துரைமார் முன்னால் கைகட்டி நின்ற தகப்பன்களும் தாத்தாக்களும் இருந்த தலைமுறை தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறது. நின்றுகொண்டே இருந்த ஒருவரைப் பேச வைத்துப் பார்க்க அந்தத் தலைமுறை ஆசைப்பட்டது. 1798-ல் கிடைக்காத பதிலை 1959-ல் சொல்லிக்கொண்டது. ஆகவே அந்தக் காட்சி 1798-க்குச் சாட்சி இல்லை. 1959-க்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோதுதான் அவர்களுக்குப் படத்தின் மேல் மறுபடி மரியாதை வந்தது. ரீல் என்று சிரித்தவர்கள், "அப்ப இப்ப வர்ற படம் 2020-களுக்குச் சாட்சியா சார்?" என்று கேட்டார்கள். ஆமாம். இன்றைக்கு ராஜா ராணிப் படம் எடுக்கிறவர்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள், எதை மறைக்கிறார்கள், யாரை வில்லனாக்குகிறார்கள் என்று பார்த்தால் நம்மைப் பற்றித் தெரியும்.

சினிமாவும் நினைவுச்சின்னமும் எப்படிக் கலந்துவிடுகின்றன என்பதைப் பார்க்கப் பாஞ்சாலங்குறிச்சிக்கே போக வேண்டும். சுற்றுலா கூட்டிப் போனபோது பிள்ளைகள் அங்குள்ள கோட்டைச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையை 1801-ல் ஊமைத்துரையின் போருக்குப் பிறகு கம்பெனி தரைமட்டமாக்கிவிட்டது. கயத்தாற்றில் நிற்கும் சிலையோ, சிவாஜி கணேசன் சொந்தச் செலவில் நிலம் வாங்கி நிறுவியது. படத்தில் கட்டபொம்மனாக நடித்தவரே நிஜக் கட்டபொம்மனுக்கும் நினைவிடம் எழுப்பியிருக்கிறார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் தொட்டுப் பார்ப்பது எந்த வருஷத்துச் சுவர் என்று தெரிந்துகொண்டு தொட வேண்டும்.

இப்போது நான் கேட்கச் சொல்லும் கேள்விகள்

பிழைப் பட்டியலை விட்டுவிட்டேன். எந்தப் படத்துக்கும் நாலே கேள்விதான்.

ஒன்று, இது நடந்தபோது அங்கே யார் இருந்தார்கள், அவர்களில் யார் எழுதி வைத்தார்கள்?

ரெண்டு, எழுதியவர் அதை யாருக்காக எழுதினார்? மேலதிகாரிக்கா, ஊருக்கா, டிக்கெட் வாங்கி வருகிறவருக்கா?

மூன்று, சான்று மௌனமாக இருக்கிற இடத்தைப் படம் எதைப் போட்டு நிரப்புகிறது? இதற்குப் 'பொன்னியின் செல்வன்' நல்ல உதாரணம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்து விற்ற செய்தி அது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று பெயர்கள் இருக்கின்றன. எதற்காகக் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அது நிலக் கணக்கு, அதற்கு அந்தத் தகவல் தேவையில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைப் படைத்து நிறுத்தினார். கல்வெட்டு எங்கே முடிகிறது, கல்கி எங்கே ஆரம்பிக்கிறார், படம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மூன்று கோடு போடச் சொல்வேன். பிள்ளைகள் அழகாகப் போடுகிறார்கள். கதையின் ருசியும் கெடுவதில்லை.

நாலாவது, இந்தக் காட்சியால் இன்று யாருக்குப் பெருமை, யாருக்கு வலி? பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. எட்டயபுரத்துப் பையன் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

போன வருஷமும் ஜாக்சன் பெயரை எழுதியவுடன் பின்னாலிருந்து ஒருத்தன் வசனத்தை ஆரம்பித்தான். குறுக்கே பேசாமல் முழுசாகச் சொல்ல விட்டேன். நன்றாகவே சொன்னான், கைதட்டினோம். பிறகு 3,310, 1,080 என்று ரெண்டு எண்களைப் பலகையில் எழுதினேன். வழக்கமான அமைதி. கடைசியில் பானர்மன் கடிதத்துக்கு வந்தோம். நிமிர்ந்து நடந்தார் என்று நான் குரலை உயர்த்தி வாசித்து முடித்தபோது ஒரு பெண் எழுந்தாள்.

"சார், ஜாக்சன் கோஷ்டி எழுதினதை நம்பாதேன்னீங்க. இதையும் அந்தக் கோஷ்டிதானே எழுதுச்சு? நமக்குப் புடிச்சிருக்குங்கறதுக்காக இதை மட்டும் நம்பலாமா?"

எதிரியின் சாட்சியம், புகழ வேண்டிய அவசியம் இல்லை என்றெல்லாம் என் பழைய பதிலைச் சொன்னேன். அவள் விடவில்லை. "தூக்குல போட்ட ஆளு பெரிய ஆளுன்னு சொன்னாத்தானே, போட்டவனுக்கும் பெருமை?"

மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வியை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் பாடம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.